புதுப்பிப்பு: காரைக்குடி வீட்டுப் புல்தரையில் மஞ்சள் திட்டு – சரியாகிவிட்டது

ஐப்பசி மழைக்கு அப்புறம் எங்கள் அருகம்புல் தரை திட்டுத்திட்டாக மஞ்சளடித்ததைப் பற்றிக் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கைகொடுத்தது சிகாகோவிலிருந்து பதில் எழுதிய அண்ணன் சொன்னதுதான்: யூரியா வேண்டாம், மண் இறுகியிருக்கிறதா பாருங்கள். ஒரு திட்டைப் பெயர்த்துப் பார்த்தால், செம்புரான் மண் கல்லாக இறுகி, வேர் பழுப்பேறிச் சேற்று நாற்றம் அடித்தது. கடப்பாரையால் நெருக்கமாகத் துளை போட்டு, மணலும் மக்கிய சாணமும் கலந்து நிரப்பினோம். அங்கே இதை செப்டம்பரில் செய்வார்களாம். அங்கத்துத் தரைப்புல்லான கென்டக்கி புளூகிராஸ் குளிர்ச்சியில் வளரும் புல். அருகுக்கு வெயில் வேண்டும். அதனால் துளை போட மாசி வரை பொறுத்தேன். பங்குனியில் நல்ல பச்சை.

எதிர்பாராதது, துளைகளில் கோரை முளைத்தது. சாணத்தோடு வந்திருக்க வேண்டும். இழுத்தால் தாள் மட்டும் வருகிறது, கிழங்கு உள்ளேயே தங்கி மறுபடி முளைக்கிறது. களைக்கொத்தால் தோண்டித்தான் எடுக்கிறோம். சாணத்தைச் சலித்துப் போடுங்கள்.