மேற்கு ஆப்பிரிக்காவோட கானா நாடு: காடு, குளம், ஏரி போனவங்க மறக்காத ஒண்ணைச் சொல்லுங்க

தேமா_துறைமுகம்:
போவாபெங்-ஃபியெமா. ரெண்டு ஊர், நடுவுல காடு. மோனா குரங்கு வீட்டுக்குள்ள பூந்து கசாவாவைத் தூக்கிட்டு ஓடுது, ஒருத்தரும் கல்லெடுக்கல, அங்க குரங்கு புனிதம். 1970-கள்ல ஒரு கிறிஸ்தவ சபைக்காரங்க "பழைய மூடநம்பிக்கை"ன்னு குரங்கைக் கொல்ல ஆரம்பிச்சப்ப ஊரே போய்க் கேட்டு 1975-ல தடை வாங்கியிருக்கு. இதெல்லாம் உங்களுக்கும் தெரியும். எனக்கு அந்தக் குரங்கு இடுகாடுதான் மனசை விட்டுப் போக மாட்டேங்குது. செத்த குரங்கைத் துணி சுத்திப் புதைக்கிறாங்க, பக்கத்துலயே பூசாரிகளோட கல்லறை. ஒரு சின்ன மண்மேட்டைக் காட்டி "இது புதுசு"ன்னான் வழிகாட்டிப் பையன், எழவு வீட்டுக் குரல்ல. நான் செருப்பைக் கழட்டிட்டேன். அவன் சிரிச்சுட்டு, "போட்டுக்கங்க, எறும்பு கடிக்கும்"னான்.

வடக்குக்காத்து:
பாகா முதலைக் குளத்தை யாரும் சொல்லலையே. புர்கினா ஃபாசோ எல்லை ஓரம். ஊரோட மூதாதையை முதலை காப்பாத்துச்சுன்னு கதை, அதனால அவங்க முதலையைத் தொட மாட்டாங்க, அதுவும் அவங்களைத் தொடாதாம். விசிலடிச்சு உயிர்க்கோழியைக் காட்டினா கரையேறி வருது. பின்பக்கமா போய் வாலைத் தூக்கிப் பிடிச்சேன், லாரி டயர் கனம். ஆனா தூக்கத்துல வர்றது முதலை இல்ல. போட்டோவுக்கு முன்னாடி வழிகாட்டி கோழியை என் கையில கொடுத்திருந்தார், நெஞ்சு படபடன்னு உள்ளங்கையில அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. படம் எடுத்ததும் வாங்கி முதலைக்குப் போட்டுட்டார். கோழிக்குக் காசு கொடுத்தது நான்.

கறிவேப்பிலை:
@வடக்குக்காத்து, கோழிக்கு அழுறீங்க, அன்னிக்கு ராத்திரி என்ன சாப்பிட்டீங்க?
என் கதை சின்னது. ககும் காட்டுத் தொங்குபாலம், 7 பாலம், 350 மீட்டர். நடுவுல நிக்கிறேன், பின்னாடி ஒரு பள்ளிக்கூடமே கத்திக்கிட்டு வருது, பலகை ஆடுது, கீழ மரத்தோட உச்சி. மிருகம் ஒண்ணுகூட பார்க்கல.
புதுசா போறவங்களுக்குச் சொல்றேன். முதல் கூட்டத்தோட ஏறிடுங்க, முடிஞ்சா முந்தின ராத்திரியே காட்டுக்குள்ள மரவீட்டுல தங்குங்க. அங்க யானை இருக்கு, ஆனா கண்ணுல படாது. யானை வேணும்னா வடக்கே மோலே தேசியப் பூங்கா போங்க, நவம்பர்ல இருந்து ஏப்ரலுக்குள்ள, மேட்டுல இருந்தே கீழ நீர்நிலையில குளிக்கிறதைப் பார்க்கலாம். நடக்கிறதுன்னா துப்பாக்கி வெச்ச காவலர் கூட வருவார், மூடின ஷூ போடுங்க. மஞ்சள் காய்ச்சல் ஊசிச் சான்றிதழ் இல்லாம விமானம் ஏறாதீங்க. மலேரியா மாத்திரையை டாக்டர்கிட்ட முன்கூட்டியே கேளுங்க. வடக்கே போனா சீடி (கானா பணம்) சில்லறையா கையில வெச்சுக்குங்க. டிசம்பர், ஜனவரியில ஹார்மட்டான்னு சகாராவுல இருந்து வர்ற காத்துத் தூசி, கேமராவைப் பையை விட்டு எடுக்காதீங்க.

நயினைக்கரை:
ஆரும் கேக்காத ஊசிக் கதையை விட்டுட்டு, கறிவேப்பிலை, நீங்கள் ஒருக்கா பொசும்ட்வி போங்கோ. குமாசி நகரத்துக்குக் கிட்டத்தான். விண்கல் விழுந்த குழியில நிண்ட ஏரி, பத்து இலட்சம் வருசத்துக்கும் மேல. செத்தவையின்ர ஆன்மா அங்க வந்துதான் விடைபெறும் எண்டு அசாந்தி ஆக்கள் நம்பினம். தண்ணியில இரும்பு படக்கூடாது எண்டு பழைய விலக்கு, அதால மீன்காரருக்கு வள்ளம் இல்லை. பதுவா எண்ட ஒரு பலகை, கையாலதான் வலிக்கினம். ஒரு ஐயா வலையை இழுக்கிறார், விரலளவு திலாப்பியா ரெண்டு. அந்த நேரம் பார்த்து, சுற்றுலாக்காரரை ஏத்தின மோட்டார் படகு ஒண்டு பக்கத்தால இரைஞ்சுகொண்டு போகுது. ஐயா பலகையை இறுக்கிப் பிடிச்சபடி அலை அடங்கும் வரைக்கும் இருந்தார். விலக்கு ஆருக்கு எண்டு எனக்கு இப்பவும் விளங்கேல்லை.

கறிவேப்பிலை:
ஊசிக் கதை இல்லீங்க, விமான நிலையத்துல திருப்பி அனுப்பினா பொசும்ட்வியைக் கூகுள்லதான் பார்க்கணும். கோழிக்காரர் இன்னும் பதில் சொல்லல.

வடக்குக்காத்து:
வாச்சே. சோறும் பயறும். மேல கோழி வைக்கட்டுமான்னு கடைக்கார அக்கா கேட்டாங்க, முட்டை போதும்னேன். முட்டைக்கும் ஆரம்பிக்காதீங்க.