கோபன்ஹேகன் 1958: புரூபெக் நால்வரின் கச்சேரிப் பதிவை எப்படிக் கேட்பது?

கேள்வி (காரைக்குடி)

அனைவருக்கும் வணக்கம். நான் மிருதங்கம் பயில்பவன். அமெரிக்க ஜாஸ் பியானோ கலைஞர் டேவ் புரூபெக்கின் குழுவினர் ஐரோப்பியப் பயணத்தின்போது, 1958 மார்ச் 5 அன்று கோபன்ஹேகனில் வாசித்த கச்சேரியின் பதிவான 'தி டேவ் புரூபெக் குவார்டெட் இன் யூரோப்' இசைத்தட்டைத் தொடர்ந்து கேட்டு வருகிறேன். பியானோவில் புரூபெக், ஆல்டோ சாக்சபோனில் பால் டெஸ்மண்ட், பாஸில் யூஜின் ரைட், டிரம்ஸில் ஜோ மொரெல்லோ என நான்கு பேர்தான் வாசிக்கிறார்கள் என்றாலும், மெட்டு தொடக்கத்திலும் முடிவிலும் மட்டுமே எனக்குத் தெளிவாகப் பிடிபடுகிறது. நடுவில் பாட்டின் எந்த இடத்தில் இருக்கிறோம் என்று தெரியாமல் போகிறது. 'வாட்டூசி டிரம்ஸ்' உருப்படியில் மொரெல்லோ வாசிப்பதை, நம் கச்சேரியில் தாள வாத்தியம் தனித்து வாசிக்கும் தனி ஆவர்த்தனம் என்றே கொள்ளலாமா? மேலும், வீட்டு வளவில் (முற்றத்தைச் சுற்றிய கூடத்தில்) ஸ்பீக்கர் வைத்துக் கேட்டால் பாஸ் ஒரே முழக்கமாக இருக்கிறதே தவிர, சுரங்கள் பிரிந்து கேட்பதில்லை. இதற்கு வழி உண்டா?

பதில் (தேவகோட்டை)

தம்பி, 'டேஞ்சரின்' உருப்படியிலிருந்து தொடங்குங்கள். அந்தப் பாட்டு நான்கு அடிகள் கொண்ட 32 அளவைகளால் ஆனது. அதாவது மொத்தம் 128 அடிகள், நம் கணக்கில் எட்டு அடி ஆதி தாளத்தின் 16 ஆவர்த்தனங்கள் (சுற்றுகள்). மெட்டு வாசித்து முடிந்த பின்னும் இந்தச் சுற்று நிற்பதில்லை. டெஸ்மண்ட் கற்பனையாக வாசிக்கும்போதும், புரூபெக் இரண்டு கைகளாலும் கனமான சுரக்கட்டுகளை (சேர்ந்து ஒலிக்கும் பல சுரங்களை) அடுக்கும்போதும், அடியில் அதே 128 அடிகள் அதே வரிசையிலான சுரக்கட்டுகளோடு திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருக்கின்றன. ஆகவே கையில் தாளம் போட்டு, மனத்துக்குள் பழைய மெட்டைப் பாடிக்கொண்டே, காதை ரைட்டின் பாஸில் மட்டும் வையுங்கள். சுற்று முடியும் இடத்தைச் சாக்சபோனைவிட அவர்தான் தெளிவாகச் சொல்லுவார்.

'வாட்டூசி டிரம்ஸ்' பற்றி: மொரெல்லோ ஒரு கையில் ஒரு நடையை நிலைநிறுத்தி, மறு கையிலும் கால்களிலும் வேறு நடைகளை ஓட்டுவது நம் காதுக்கு உடனே பிடித்துப்போகும். ஆனால் நம் தனி, கோர்வை என்ற முடிப்புக் கணக்கை நோக்கி நகர்வது. அது மூன்று முறை வந்து சமத்திலோ (தாளத்தின் முதல் அடியிலோ) எடுப்பிலோ (பாட்டு தொடங்கும் இடத்திலோ) சேர்ந்தால்தான் நமக்கு நிறைவு. ஜாஸில் அந்தக் கட்டாயம் கிடையாது, மற்றவர்கள் திரும்ப நுழைவதற்கு ஒரு சைகை போதும். வாத்தியங்கள் மாறி மாறி, அளவைக் குறைத்துக்கொண்டே வாசிக்கும் நம் குறைப்புக்கு நெருங்கிய ஒன்றைத் தேடுகிறீர்கள் என்றால், டிரம்ஸும் சாக்சபோனும் நான்கு நான்கு அளவைகளாக மாறி மாறி வாசிக்கும் வழக்கம் ஜாஸில் பரவலாக உண்டு, அதைக் கவனியுங்கள். நம் மிருதங்க வித்வான் காரைக்குடி மணி ஆஸ்திரேலிய ஆர்ட் ஆர்கெஸ்ட்ராவோடு சேர்ந்து வாசித்தவர். நம் கணக்கும் ஜாஸ் வாத்தியங்களும் ஒரே மேடையில் என்ன செய்ய முடியும் என்பதை அந்தக் கூட்டு வாசிப்பில் கேட்கலாம்.

பதில் (பள்ளத்தூர்)

ஒலியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, கண்ணாடிபோல் இழைத்த சுண்ணாம்புச் சுவர், வழுவழுப்பான தூண்கள் ஆகிய எல்லாமே ஒலியை உறிஞ்சாமல் திருப்பி அனுப்புபவை. நாகஸ்வரமும் தவிலும் அங்கே கம்பீரமாக ஒலிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். கச்சேரிப் பதிவிலோ அந்த அரங்கத்தின் எதிரொலி ஏற்கெனவே உள்ளது. அதன்மேல் உங்கள் வளவின் எதிரொலியும் ஏறும்போது குழப்பம் மிகுகிறது. ஸ்பீக்கரைச் சுவர் மூலையிலிருந்து நன்றாகத் தள்ளி வையுங்கள், ஏனெனில் மூலை கீழ்ச்சுரங்களை வீங்கச் செய்யும். ஜமுக்காளம் விரித்து, மெத்தையும் துணிமணிகளும் உள்ள சிறிய அறையில் கேட்பது இன்னும் நல்லது. ரைட்டை முன்னிறுத்தும் 'தி ரைட் குரூவ்' உருப்படியை ஒருமுறை ஹெட்போனில் கேட்டு, பாஸின் உண்மையான குரலை மனத்தில் இருத்திக்கொண்டு, பிறகு ஸ்பீக்கருக்கு வாருங்கள்.

பதில் (கானாடுகாத்தான்)

முதலில் பதிலளித்த அண்ணன் சொன்ன வழி சரியானதே. ஆனால் இந்தத் தட்டோடு நின்றுவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அதே 1958 பயணத்தில் அமெரிக்க வெளியுறவுத் துறையின் ஏற்பாட்டில் இவர்கள் போலந்து, துருக்கி, ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், இந்தியா, இலங்கை வரை வந்தார்கள், சென்னையிலும் வாசித்தார்கள். ஊர் திரும்பியதும் ஸ்டூடியோவில் பதிவுசெய்த 'ஜாஸ் இம்ப்ரெஷன்ஸ் ஆஃப் யூரேசியா' தட்டில் 'கல்கத்தா புளூஸ்' என்றே ஓர் உருப்படி இருக்கிறது. கோபன்ஹேகன் பதிவு இந்தியாவைக் கேட்பதற்கு முந்தைய மொரெல்லோ, இது பிந்தையது. மிருதங்கம் பயில்பவர் இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்பது அவசியம் என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மிக்க நன்றி. பாஸைப் பின்தொடர்ந்ததில் 'டேஞ்சரின்' சுற்று பிடிபட்டுவிட்டது. நான்கு அடிக் கணக்கிலிருந்து விலகிய உருப்படிகளை இவர்கள் வாசித்திருக்கிறார்களா?

பதில் (தேவகோட்டை)

இதே நால்வரும் 1959இல் பதிவுசெய்த 'டைம் அவுட்' தட்டைக் கேளுங்கள். டெஸ்மண்ட் இயற்றிய 'டேக் ஃபைவ்' ஐந்து அடிகளில் ஓடுகிறது. பியானோ அதை மூன்றும் இரண்டுமாகப் பிரித்து வாசிப்பதால், நம் ஐந்தடித் தாளமான கண்ட சாபுவின் இரண்டு-மூன்றுக்குப் பழகிய கை முதலில் சற்றுத் தடுமாறும். 'புளூ ரோண்டோ அ லா டர்க்' இஸ்தான்புல் தெருக்கலைஞர்களிடம் புரூபெக் கேட்ட ஒன்பது அடிக் கணக்கில் அமைந்தது. இரண்டு, இரண்டு, இரண்டு, மூன்று என்று எண்ணிப் பாருங்கள்.