வேலை லப்டொப்பில இரவிரவா லொகின் முயற்சி: அயல் பிள்ளையளுக்குக் குடுத்த வைஃபையை நிப்பாட்டோணுமோ?

கனகபுரம்அக்கா:
கிளிநொச்சியில வீட்டில இருந்து கொழும்புக் கொம்பனி ஒண்டுக்குக் கணக்கு வேலை செய்யிறன். லப்டொப் அவையின்ர. விண்டோஸ் நடந்ததையெல்லாம் குறிச்சு வைக்கிற ஈவென்ற் வியூவரில செக்கியூரிற்றிப் பகுதியைத் திறந்தால் 4625 எண்ட பதிவு வரிசையாக் கிடக்கு, எல்லாம் இரவு பதினொண்டுக்குப் பிறகு. அட்மின், யூசர், ரெஸ்ற் எண்டு ஒவ்வொண்டிலயும் ஒவ்வொரு பேர். பக்கத்து வளவுப் பிள்ளையள் ஓஎல் படிக்கிறது எங்கட வைஃபையிலதான். அதை நிப்பாட்ட மனமில்லை.

பரந்தன்சந்தி:
அக்கா, மனம் பாக்கிற விசயமில்லை இது. இண்டைக்கே பாஸ்வேட்டை மாத்துங்கோ. ஒரு பிள்ளைக்குச் சொன்ன பாஸ்வேட் எத்தினை போனுக்குப் போயிருக்கும் எண்டு ஆருக்குத் தெரியும்?

மாங்குளத்தான்:
தம்பி, பிள்ளையளில பழி போட முதல் பதிவை வாசிப்பம். 4625 எண்டால் தோத்துப்போன லொகின். அதுக்குள்ள லொகன் ரைப் எண்டு ஒரு இலக்கம் இருக்கும். 2 எண்டால் லப்டொப்புக்கு முன்னால இருந்து அடிச்சது. 3 எண்டால் நெற்வேர்க்கால வந்தது. தூர இருந்து திரையைத் திறந்து வேலை செய்யிற ரிமோட் டெஸ்க்ரொப்புக்கு 10, ஆனா அதுவும் கனதரம் 3 எண்டுதான் விழும். கீழ சோர்ஸ் முகவரி, அதாவது எந்த மெசினில இருந்து வந்ததெண்டு, இருக்கும், 192.168 எண்டு துவங்கினால் ஆள் உங்கட ரவுட்டருக்குள்ளதான்.

இன்னொண்டு அக்கா. செக்கியூரிற்றிப் பதிவை உங்களாலயே திறக்க ஏலுதெண்டால் உங்கட கணக்குக்கு அனேகமா அட்மின் உரிமை, எல்லாத்தையும் மாத்திற அதிகாரம், இருக்கு. நாளாந்த வேலைக்கு அது கூடாது.

கனகபுரம்அக்கா:
எல்லாத்திலயும் 3. முகவரி 192.168.1.14. ரவுட்டரில பாத்தன், அது எங்கட முன் அறையில இருக்கிற பழைய கொம்பியூட்டர். விண்டோஸ் 7.

மாங்குளத்தான்:
விண்டோஸ் 7க்கு மைக்ரோசொஃப்ற் 2020 ஜனவரி 14 ஓட ஆதரவை நிப்பாட்டிட்டுது. ஒருத்தரும் தொடாத நேரத்தில அது பேர் பேராத் தட்டுதெண்டால் உள்ள வைரஸ் ஏதோ ஏறியிருக்கு எண்டுதான் நான் எடுப்பன். 2017 மேயில வன்னாக்ரை எண்ட வைரசும் ஒரு மெசினில இருந்து மற்றதுக்குத் தானாத்தான் பரவினது, ஆனா அது பேர் தட்டாமல் விண்டோஸ் ஃபைல் பகிர்வில இருந்த ஓட்டையால, 445 ஆம் போட் எண்ட வாசலால, புகுந்தது. முதல் அதின்ர நெற் வயரைக் கழட்டுங்கோ. பிள்ளையளுக்கு இதில ஒரு தொடர்பும் இல்லை.

வவுனியாரவுண்:
கழட்டினால் சரிதானே. கொம்பனிக்குச் சொல்லாதேங்கோ அக்கா. வன்னியில நெற் சரியில்லை, ஒஃபிசுக்கு வா எண்டு சொல்லக் காத்திருக்கிற மனேஜர்மார் இருக்கினம். ஒரு மெயிலால வீட்டு வேலை போயிடும். பிள்ளையை விட்டிட்டுக் கொழும்பில அறை எடுத்து இருக்க ஏலுமோ?

மாங்குளத்தான்:
உங்கட பயம் நியாயம் தம்பி. இஞ்ச இப்பிடி ஒரு வேலை கிடைக்கிறது லேசில்லை. அதுக்காகத்தான் சொல்லுறன், இண்டைக்கே எழுதோணும். 4625 எல்லாம் தோத்தது. ஆனா அதே முகவரியில இருந்து 4624, அதாவது வெண்ட லொகின், ஒண்டாவது விழுந்திருக்கோ எண்டு அவை பாக்கோணும். செக்கியூரிற்றிப் பதிவு சாதாரணமா 20 எம்பிதான், நிரம்பினால் பழசை அழிச்சுக்கொண்டு போகும். பிந்தினால் பாக்க ஒண்டும் மிஞ்சாது. அவையாக் கண்டுபிடிச்சால் முதல் கேள்வி ஏன் சொல்லேல்லை எண்டுதான் வரும். லப்டொப்பில நீங்களா ஒண்டையும் அழிக்காதேங்கோ, புது அன்ரிவைரஸ் போடாதேங்கோ. வீட்டு மற்ற மெசின்கள் லப்டொப்பைத் தொடாமல் இருக்க, அதில நெற்வேர்க்கைப் பப்ளிக் எண்டு மாத்தினால் மட்டும் காணும், மிச்சம் ஐரிக்காரர் பாக்கட்டும்.

வவுனியாரவுண்:
நான் எண்டால் எழுதமாட்டன்.

கனகபுரம்அக்கா:
எழுதிட்டன். படமும் எடுத்து அனுப்பியாச்சு. பிள்ளையளின்ர விசயம்?

மாங்குளத்தான்:
ரவுட்டரில கெஸ்ற் வைஃபை, அதாவது வீட்டு மெசின்களில இருந்து பிரிச்ச விருந்தாளி வைஃபை, ஒண்டு திறந்து, அதுக்குத் தனிப் பாஸ்வேட் குடுங்கோ. படிக்கட்டும்.

பரந்தன்சந்தி:
அண்ணை, மலிவு ரவுட்டருகளில கெஸ்ற் எண்டு பேர்தான் இருக்கும், உள்ளுக்க பிரிச்சிருக்காது. அதைப் பாக்காமல் குடுக்கிறதுக்கு நான் சம்மதியன்.

மாங்குளத்தான்:
அது சரியான கதை. அக்கா, உங்கட போனைக் கெஸ்ற்றில போட்டு 192.168.1.1 ஐத் திறந்து பாருங்கோ. ரவுட்டர் பக்கம் வந்தால் பிரிபடேல்லை, அதை அப்பிடியே குடுக்காதேங்கோ. அந்தப் பக்கத்துக்குள்ள போற பாஸ்வேட்டையும் மாத்துங்கோ, பாஸ்வேட் அடிக்காமல் பொத்தானாலயோ பின் இலக்கத்தாலயோ வைஃபையில சேர விடுற டபிள்யூபிஎஸ்ஸையும் நிப்பாட்டுங்கோ.

கனகபுரம்அக்கா:
பக்கம் வரேல்லை தம்பிமார். பின்னேரம் பிள்ளையளுக்குப் புதுப் பாஸ்வேட் எழுதிக் குடுக்கிறன்.