'தியேட்டர்' என்றால் திரையரங்கா, நாடகமா?

சிம்மக்கல்வாசி:
கல்லூரி நாடக விழா அழைப்பிதழில் 'தியேட்டர் ஒர்க்‌ஷாப்' என்பதைத் 'திரையரங்குப் பட்டறை' என்று போட்டிருக்கிறோம். சரிதானா? ஆபரேஷன் நடக்கிற அறைக்கும் அதே பேர் எப்படி வந்தது?

வைகைக்கரை:
அச்சுக்குக் கொடுத்துடாதீங்க. 'திரை' வந்தாலே சினிமாதான். 'நாடகப் பயிலரங்கு' போதும். நம்ம மதுரையில் தியேட்டர் என்றால் தங்கம், சிந்தாமணி என்ற பழைய சினிமாக் கொட்டகைகள்தானே நினைவுக்கு வரும், குழப்பம் அங்கேதான்.

மூலம் கிரேக்கம்: 'தெயாட்ரோன்'. 'தெயா' என்றால் பார்வை, மொத்தத்தில் பார்க்கும் இடம். மலைச்சரிவில் படிப்படியாகச் சனம் உட்கார்ந்த பகுதிக்குத்தான் முதலில் அந்தப் பேர், மேடைக்கு இல்லை. கீழே ஆடிப்பாடிய வட்டத் தரை 'ஓர்க்கேஸ்ட்ரா', அதாவது ஆடுமிடம். அதன் பின்னால் இருந்த கூடாரம் 'ஸ்கேனே'. 'சீன்' அதிலிருந்து வந்தது. திருவிழாவில் விடிய விடியப் பாடுகிற ஆர்க்கெஸ்ட்ராவுக்கும் பூர்வீகம் இதுதான்!

ஆபரேஷன் தியேட்டரும் அப்படியே. ஐரோப்பாவில் மாணவர்கள் படிவரிசையில் நின்று பார்க்க, நடுவில் அறுவை நடந்தது. படிகள் போய்விட்டன, பேர் நிலைத்துவிட்டது.

மாசிவீதி:
வைகைக்கரை அண்ணன் சொன்னதோடு ஒன்று. கிரேக்கம் பார்ப்பவன் பக்கமிருந்து பேர் வைத்தது. தமிழ் 'அரங்கு' ஆடுபவள் நிற்கும் இடம். சிலப்பதிகார அரங்கேற்று காதை அளவே தருகிறது: 24 விரல் ஒரு கோல், அகலம் 7 கோல், நீளம் 8, தரையிலிருந்து உயரம் 1, மேடைப் பலகைக்கும் மேலே உத்தரப் பலகைக்கும் இடையே 4, வாயில் இரண்டு. மாதவி ஏறியது அந்த மேடை.

விழாவுக்கு அதே அளவில் மேடை போடுவதானால் விரலில் கவனம். உரைகாரர்கள் சொல்வது பெருவிரல். அதை ஓர் அங்குலமாகக் கொண்டால் கோல் 2 அடி, மேடை 14க்கு 16 அடி. சுண்டுவிரலையோ நடுவிரலையோ வைத்து முக்கால் அங்குலமாக அளந்தால் பத்தரைக்கு 12 ஆகச் சுருங்கி, உத்தரமும் 6 அடிக்கு இறங்கிவிடும். உயரமானவர் நிமிர்ந்தால் தலை இடிக்கும்.

சிம்மக்கல்வாசி:
நன்றிங்க, பயிலரங்கு என்றே மாற்றிவிட்டோம். விருந்தினர் 'தியேட்டர் ஆர்ட்டிஸ்ட்' என்று தன்னைக் குறிப்பிடுகிறார், அவரை?

வைகைக்கரை:
நாடகக் கலைஞர். 'அரங்கக் கலைஞர்' என்றும் எழுதுகிறார்கள். ஆனால் ஊர்த் திருவிழாக்களில் ஆடுகிற நம்ம ஸ்பெஷல் நாடகக்காரர்களுக்கு முதலாவதுதான் சட்டென்று புரியும்.