ரிப்போர்ட் நார்மல், வலி மட்டும் அப்படியே: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

எனக்கு வலி தொடங்கி 9 வருஷம் ஆகிறது. அதில் முதல் 6 வருஷம் எனக்கு என்ன நோய் என்று யாரும் சொல்லவில்லை. "ஒண்ணுமில்ல" என்று மட்டும் சொன்னார்கள். அந்த ஒரு சொல்லைக் கேட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்பியவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் கழுத்தும் தோள்பட்டையும். காலையில் எழுந்தால் படுத்த பக்கம் கல்லாக இறுகியிருக்கும். பிறகு இடுப்பு, தொடை, முழங்கை என்று ஒவ்வொன்றாக வந்து சேர்ந்துகொண்டது. ஓரிடத்தில் குடைச்சல், இன்னோரிடத்தில் எரிச்சல், உள்ளங்காலில் கடுகடுப்பு. எட்டு மணி நேரம் தூங்கி எழுந்தாலும் ராத்திரி முழுக்க மூட்டை சுமந்தவள் மாதிரி இருக்கும். ஒரு நாள் துணி பிழியும்போது கை பாதியில் நின்றுவிட்டது. தண்ணீர் சொட்டுகிறது, முறுக்க விரலில் வலு இல்லை. துணியை அப்படியே வாளியில் போட்டுவிட்டுக் குளியலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். மறுநாள்தான் முதல் தடவையாக டாக்டரிடம் போனேன்.

அவர் ரத்தப் பரிசோதனை எழுதினார். உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் ஈஎஸ்ஆர், சிஆர்பி, பிறகு தைராய்டு, முடக்குவாதத்துக்கான டெஸ்ட், வைட்டமின் டி. வைட்டமின் டி கொஞ்சம் குறைவு, மற்றதெல்லாம் சரி. அதற்கு மாத்திரை கொடுத்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், முதலில் பார்க்க வேண்டியதைப் பார்த்தார். இரண்டாவது டாக்டர் எக்ஸ்ரே எடுத்தார். மூன்றாவது டாக்டர் எம்ஆர்ஐ. நான்காவது டாக்டரை மட்டும் என்னால் மறக்க முடியவில்லை.

ஃபைலை வாங்கினார், ஃபிலிமை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. எங்கே வலிக்கிறது என்றார். கழுத்திலிருந்து சொல்ல ஆரம்பித்தேன். இடுப்புக்கு வருவதற்குள் பேனா ஓட ஆரம்பித்துவிட்டது. "எல்லாம் நார்மல்தாம்மா. வீட்ல ஏதாவது பிரச்சினையா?" இல்லை என்றேன். "மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்க, சரியாப் போயிடும்." பிறகு என் கணவர் பக்கம் திரும்பி, "இவங்கள நாலு இடத்துக்கு வெளில கூட்டிட்டுப் போங்க சார்" என்றார். என்னைத் தொட்டுப் பார்க்கவே இல்லை. என் உடம்பைப் பற்றிய முடிவை என்னிடம் சொல்லாமல் பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லி அனுப்பினார்.

அந்த வார்த்தை அந்த அறையோடு நிற்கவில்லை, எங்களோடு வீட்டுக்கு வந்தது. நான் படுத்தால், "டாக்டரே ஒண்ணுமில்லங்கிறாரே" என்று பேச்சு வரும். யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, டாக்டரை நம்பினார்கள், அவ்வளவுதான். கொஞ்ச நாளில் நானும் நம்ப ஆரம்பித்துவிட்டேன். காலையில் கண் விழித்ததும் தோளை அழுத்திப் பார்ப்பேன், நிஜமாகவே வலிக்கிறதா என்று. வலிக்கும். வலிக்கிறதே என்று ஒரு நிம்மதி வரும் பாருங்கள், அதை நினைத்தால் இன்னும் தொண்டை அடைக்கிறது.

ஏழாவதாகப் போனது மூட்டுவாத நிபுணரிடம். அந்த டாக்டரம்மா ஃபைலைத் திறக்கும் முன்பே, "தூக்கம் எப்படி இருக்கு?" என்று கேட்டார். அதுவரை யாரும் அதைக் கேட்டதில்லை. கழுத்து, தோள், இடுப்பு, முழங்கால் உள்பக்கம் என்று ஒவ்வோர் இடமாகக் கட்டைவிரலால், நகம் வெளுக்கும் அளவுக்கு அழுத்தினார். பல இடத்தில் துள்ளிவிட்டேன். ஃபைப்ரோமயால்ஜியா என்றார். முன்பு, 1990இல் வந்த விதிப்படி, 18 இடங்களை அழுத்திப் பார்த்து 11 இடத்திலாவது வலித்தால்தான் அந்தப் பெயரைச் சொல்வார்களாம். 2010இல் வந்த விதிகளில் அந்த எண்ணிக்கை போய்விட்டது. உடம்பில் எத்தனை பகுதிகளில் வலி, தூக்கம், சோர்வு, மறதி எப்படி என்று கேட்டுத்தான் முடிவு செய்கிறார்கள். அதாவது நோயாளி பேச வேண்டும், டாக்டர் கேட்க வேண்டும்.

"உங்க எலும்புலயும் ரத்தத்துலயும் கோளாறு இல்ல. வலியைக் கடத்துற நரம்புங்க ரொம்ப உஷாரா இருக்கு. கதவை லேசாத் தட்டினாலே உள்ளே இடி விழுந்த மாதிரி கேக்குது" என்று விளக்கினார். ராத்திரிக்கு ஒரு மாத்திரை எழுதிவிட்டு, "இது மனச்சோர்வுக்கும் குடுக்கிற மருந்துதான். அந்தச் சீட்டைப் படிச்சுட்டு நான் உங்களை மனநோயாளிங்கிறேன்னு நினைச்சுடாதீங்க. குறைஞ்ச அளவுல இது வலி நரம்புக்கு வேலை செய்யும்" என்று அவராகவே சொன்னார். அந்த முன்யோசனைக்கே அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம். தினமும் பத்து நிமிஷம் நடக்கச் சொன்னார், அதையும் மெதுவாகத்தான் கூட்டச் சொன்னார். வலி போகவில்லை. ஆனால் இப்போது துணி பிழிகிறேன்.

உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்.

*

அக்கா, எனக்கு முகத்தில். வலது கன்னத்தில் மின்சாரம் பாய்ந்த மாதிரி சுரீர் என்று ஓர் இழுப்பு. சில நொடிதான், போய்விடும். திரும்ப வரும். பல் தேய்த்தால் வரும், ஷேவ் செய்தால் வரும், மின்விசிறிக் காற்று பட்டால்கூட வரும். ஒரு கட்டத்தில் வலப்பக்கம் மட்டும் தாடி வளர்த்துக்கொண்டு திரிந்தேன்.

பல் என்று நினைத்து இரண்டு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினார்கள். வலி அப்படியே இருந்தது. சிகிச்சை அறையில் உட்கார்ந்திருக்கும்போது மட்டும் வராது. "10க்கு எவ்வளவு வலி?" என்பார்கள். வரும்போது 10, இப்போது 0 என்பேன். ஒருத்தர் ஃபைலை மூடிக்கொண்டே, "இவ்ளோ பெரிய ஆம்பள, பல்வலிக்குப் போய் இப்படியா" என்றார். நான் பதில் சொல்லவில்லை. வாயைத் திறந்தால் வலி வந்துவிடுமோ என்ற பயம்.

மூன்றாவது பல்லைப் பிடுங்கப் போனேன். அங்கே இருந்த பல் டாக்டர், "இந்தப் பல் நல்லா இருக்கு, நான் தொட மாட்டேன், நீங்க நரம்பு டாக்டரைப் பாருங்க" என்று திருப்பி அனுப்பினார். அவர்தான் என்னைக் காப்பாற்றியவர். ட்ரைஜெமினல் நியூரால்ஜியா. முகத்தின் உணர்ச்சியைக் கொண்டுபோகும் ஐந்தாவது மூளை நரம்பில் வருவது. நிறையப் பேருக்கு அந்த நரம்பை ஒரு ரத்தக்குழாய் அழுத்துவதுதான் காரணமாம், அதற்காக எம்ஆர்ஐ எடுத்தார்கள். கார்பமசெபைன் என்ற மாத்திரை ஆரம்பித்துச் சில நாளிலேயே பெரிய வித்தியாசம். மாத்திரைக்காக ரத்த அணுக்களையும் சோடியத்தையும் அவ்வப்போது பார்க்கிறார்கள். என்னை மாதிரி விட்டு விட்டு வலிக்கிறவர்கள், வரும்போது வீட்டில் யாரையாவது போனில் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். நரம்பு டாக்டர் என்னிடம் முதலில் கேட்டதே அதைத்தான்.

*

நான் எழுதுவது என் மகளுக்கு நடந்தது. நடத்தியவர்களில் நானும் ஒருத்தி.

14 வயதிலிருந்து மாதவிலக்கு நாட்களில் அவள் சுருண்டு படுத்துக்கொள்வாள். வாந்தி எடுப்பாள். முதலில் "எல்லாப் பொண்ணுங்களுக்கும் இருக்கிறதுதான்" என்றது நான். எனக்கும் அப்படித்தான் இருந்தது, நான் பல்லைக் கடித்துக்கொண்டு வேலைக்குப் போனேன், அவளும் போவாள் என்று நினைத்தேன். டாக்டரிடம் போனபோது ஸ்கேனில் ஒன்றும் இல்லை. "இந்தப் பொண்ணுக்கு வலி தாங்குற சக்தி கம்மி" என்றார் அவர். நான் தலையாட்டினேன். மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வை ஏழு வருஷம் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது.

21 வயதில் அவளே தனியாக ஒரு மகப்பேறு மருத்துவரிடம் போனாள். கையில் ஒரு நோட்டு. எந்தத் தேதியில் எங்கே வலி, மலம் கழிக்கும்போது வலித்ததா, எத்தனை நாள் வகுப்புக்குப் போகவில்லை என்று எட்டு மாதம் எழுதி வைத்திருந்தாள். விலக்கு நாளில் மலம் கழிக்கும்போது வலி என்ற வரியில் அந்த டாக்டர் விரலை வைத்து நிறுத்தினாராம். வயிற்றில் சின்னத் துளை போட்டுக் கேமரா விட்டுப் பார்க்கும் லேப்ராஸ்கோப்பியில் பார்த்ததும் தெரிந்துவிட்டது. எண்டோமெட்ரியோசிஸ். கருப்பையின் உள்சவ்வு போன்ற திசு வெளியே வளர்வது. மெல்லிய படலமாக இருந்தால் சாதாரண ஸ்கேனில் தெரியாமல் போகலாம். கருவுறும் வயதில் இருக்கும் பெண்களில் சுமார் 10 சதவீதம் பேருக்கு, அதாவது ஏறத்தாழ 19 கோடிப் பேருக்கு இது இருக்கிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். இத்தனை பேருக்கு இருப்பது எனக்கு ஐம்பது வயது வரை தெரியாது. எனக்கே இருந்திருக்கலாம்.

அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "உனக்கும் யாரும் சொல்லலியேம்மா" என்றாள்.

*

அம்மா, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் நர்ஸ். "ஒண்ணுமில்லம்மா, பயப்படாதீங்க" என்று எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். ஆபத்தான நோய் எதுவும் இல்லை என்ற அர்த்தத்தில், ஆறுதலாகத்தான் சொன்னேன். எனக்கு முதுகுவலி வந்து, அதே வார்த்தையை மேஜைக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்டபோதுதான் அது எப்படி விழுகிறது என்று தெரிந்தது. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும்.

படத்துக்கும் வலிக்கும் எப்போதும் கணக்கு ஒத்துப்போகாது. 1994இல் வெளிவந்த ஓர் ஆய்வில், முதுகுவலியே இல்லாத 98 பேருக்கு எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்தார்கள். அதில் பாதிப் பேருக்குமேல் டிஸ்க், அதாவது முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் மெத்தை போன்ற வட்டு, புடைத்திருந்தது. படத்தில் கோளாறு இருந்தும் வலிக்காமல் இருக்கலாம் என்றால், படம் சுத்தமாக இருந்தும் வலிக்கலாம் என்பதை ஏன் ஏற்க முடியவில்லை? மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலி தனியாகவே ஒரு நோயாக இருக்க முடியும் என்று, 2022இல் நடைமுறைக்கு வந்த சர்வதேச நோய்ப் பட்டியலின் 11ஆம் பதிப்பில் இடம் கொடுத்திருக்கிறார்கள். வலி ஆராய்ச்சிக்கான சர்வதேச சங்கம் 2020இல் வலிக்கான வரையறையைத் திருத்தியபோது, ஒருவர் தனக்கு வலிக்கிறது என்று சொன்னால் அதை மதிக்க வேண்டும் என்றே குறிப்பு எழுதியது. நான் படித்த காலத்தில் யாராவது இதை எனக்குச் சொல்லியிருக்கலாம்.

ஒரு விஷயம் மட்டும் அழுத்திச் சொல்கிறேன். வலிக்கு ஒரு பெயர் கிடைத்துவிட்டது என்பதற்காக, புதிதாக வருவதையெல்லாம் அதன் தலையில் போட விடாதீர்கள். திடீரென்று காலில் பலம் குறைவது, சிறுநீரோ மலமோ கட்டுப்பாடில்லாமல் போவது, சிறுநீர் அடைத்துக்கொள்வது, உட்காரும் இடம் மரத்துப்போவது என்றால் அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போங்கள். காரணம் தெரியாமல் எடை குறைந்தாலும், காய்ச்சல் விடாமல் இருந்தாலும் காத்திருக்காதீர்கள்.

*

படிக்கிறேன், எழுதத் தெம்பில்லை. 4 வருஷம், 5 டாக்டர், எனக்கு இன்னும் பெயர் கிடைக்கவில்லை. இரண்டு காலிலும் எரிச்சல், போர்வை பட்டால்கூடத் தாங்க முடியவில்லை. நரம்பு டெஸ்ட்டில் எல்லாம் சரியாக இருக்கிறது என்றார்கள். வியாழக்கிழமை புதிதாக ஒரு டாக்டரைப் பார்க்கப் போகிறேன். போவதற்கே பயமாக இருக்கிறது. என்ன சொல்வதென்று தெரியவில்லை.

*

தம்பியா தங்கையா தெரியவில்லை, யாராக இருந்தாலும் இந்த அக்கா சொல்வதைக் கேளுங்கள். பயம் எனக்கும் இருந்தது. ஏழாவது டாக்டர் அறை வாசல் வரை போய் ஒரு தடவை திரும்பி வந்திருக்கிறேன்.

நரம்பு டெஸ்ட் என்று நீங்கள் சொல்வது நரம்பில் மின்சாரம் ஓடும் வேகத்தைப் பார்க்கிற டெஸ்ட் என்றால், அது பெரிய நரம்பு இழைகளைத்தான் பார்க்கும். எரிச்சலைக் கொண்டுபோகும் மெல்லிய இழைகள் அதில் தெரியாது. அதற்குத் தோலில் மிகச் சின்னதாக ஒரு துண்டு எடுத்துப் பார்க்கிற பரிசோதனை இருக்கிறது. உங்களுக்கு அதுதான் என்று நான் சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. ஆனால் "மெல்லிய நரம்பு இழைகள்ல பாதிப்பு இருக்குமா டாக்டர், சர்க்கரை, பி12 பார்க்கலாமா?" என்று கேட்கலாம். கேட்பதில் தப்பே இல்லை.

"வலிக்கிறது" என்று மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். எரிகிறதா, குடைகிறதா, உளைகிறதா, விண்விண் என்று தெறிக்கிறதா, மரத்துப்போய் ஊசி குத்துகிறதா? 1975இல் ரொனால்ட் மெல்சாக் என்ற உளவியலாளர் வலியைச் சொல்லும் 78 சொற்களை வரிசைப்படுத்தி ஒரு கேள்வித்தாளே தயாரித்தார், ஏனென்றால் சொல்லை வைத்தே எந்த வகை வலி என்று ஓரளவு பிடிக்கலாம். நம் மொழியில் வலிக்குச் சொல்லா இல்லை? வீட்டில் எப்படிச் சொல்வீர்களோ அப்படியே சொல்லுங்கள். போர்வை படுவது தாங்கவில்லை என்று இங்கே எழுதினீர்களே, அது எந்த எண்ணையும்விட அதிகம் சொல்கிறது.

ஒரே ஒரு தாள் எழுதிக்கொண்டு போங்கள். எப்போது தொடங்கியது, எதனால் கூடுகிறது, எதனால் குறைகிறது, எந்த மருந்து எத்தனை நாள் சாப்பிட்டீர்கள், எதைச் செய்ய முடியாமல் போனது. கடைசியாக ஒரு கேள்வி. நானும் பயத்தில் மறந்துவிடுவேன் என்று அந்தக் கேள்வியைத் தாளின் மேலேயே பெரிதாக எழுதி வைத்திருந்தேன்: "இந்த டெஸ்ட்டில் எதெல்லாம் தெரியாமல் போயிருக்கலாம்?" ஒன்றுமில்லை என்று சொன்னால் அதைக் கேளுங்கள். கூட யாரையாவது அழைத்துக்கொண்டு போங்கள், ஆனால் பதிலை நீங்களே சொல்லுங்கள்.

வியாழக்கிழமை ராத்திரி இங்கே வந்து எழுதுங்கள். நல்லபடியாக நடக்காவிட்டாலும் எழுதுங்கள். நான் பார்த்துக்கொண்டிருப்பேன்.