வாரத்தில் சில நாள் வீட்டிலும் மற்ற நாள் அலுவலகத்திலும் வேலை: விதிமுறை வகுக்க உதவி தேவை

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். பழைய வண்ணாரப்பேட்டையில் சுங்க ஆவணங்கள் தயாரிக்கும் சிறு நிறுவனம் ஒன்றை ஒன்பது பணியாளர்களுடன் நடத்துகிறேன். விம்கோ நகர் வரை 2021இல் மெட்ரோ வந்துவிட்ட பிறகும் வீட்டிலிருந்து பணி எதற்கு என்று முதலில் தயங்கினேன். முதியோரையும் குழந்தைகளையும் கவனிப்பவர்கள் கேட்டபோது மறுக்க மனம் வராமல், வாரத்தில் இரண்டு நாள் அனுமதித்தேன்.

இப்போது பெருங்கவலை தகவல் பாதுகாப்பைப் பற்றியது. வீட்டில் இணையம் நின்றுபோனதால் ஒருவர் வாடிக்கையாளரின் இன்வாய்ஸ்களையும் ஆதார் நகலையும் தம் மகனின் கைப்பேசியிலிருந்து அனுப்பியதை அறிந்தபோது, உரிய பாதுகாப்பு ஏற்பாடுகளைச் செய்யத் தவறும் நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்க 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இடமளிப்பது நினைவுக்கு வந்து திடுக்கிட்டேன். அவரைக் குறை சொல்லவும் இயலாது. அலுவலக மடிக்கணினி கொடுக்காதது என் தவறு.

பணியாளர்களுக்கும் சிரமங்கள் உள்ளன. ஒற்றை அறை வீட்டில் தரையில் அமர்ந்து வேலை செய்வதால் முதுகுவலி. இரவு பத்து மணிக்கும் வாட்ஸ்அப் செய்தி (அனுப்புவது பெரும்பாலும் நான்தான்).

இத்தகைய பணிமுறைக்கு எழுத்து வடிவில் ஒப்பந்தம் வைத்திருப்பவர்கள் அதன் மாதிரியைப் பகிர இயலுமா? இணையக் கட்டணத்தை யார் ஏற்கிறீர்கள்? வேலை நேரத்தில் வீட்டில் நேரும் விபத்துக்கு யார் பொறுப்பு என்பதை எப்படி எழுதியுள்ளீர்கள்? ராயபுரம், தண்டையார்பேட்டைப் பகுதியில் தொழிலாளர் சட்டம் அறிந்த ஆலோசகர் இருந்தாலும் தெரிவிக்க வேண்டுகிறேன்.