ஐந்தரை வருடம் நின்ற மியாட்டா: ஸ்டார்ட் வராத கதையும் வந்த கதையும்

என்னிடம் இருப்பது 1991 மாஸ்டா மியாட்டா, கூரை மடங்கும் இரண்டு சீற் கார். சிவப்பு நிறம், 1.6 லீற்றர் எஞ்சின், எழும்பி மடங்கும் முன்விளக்குகள். ரொறன்ரோவில் பனிக்காலத்தில் வீதியில் உப்புப் போடுவார்கள், துரு தின்றுவிடும் என்று 2019 ஒக்டோபரில் ஸ்காபரோவில் அத்தான் வீட்டுக் கராஜில் விட்டேன். வழக்கமாக ஏப்ரலில் எடுத்துவிடுவேன். அடுத்த ஏப்ரலில் ஊரே பூட்டிக் கிடந்தது. அப்புறம் மகள் பிறந்தாள், வேலை மாறியது, வாற வசந்தத்தில் பார்ப்போம் என்று தள்ளித் தள்ளி 2025 மே மாதம்தான் போர்வையை இழுத்தேன்.

அத்தான் உடனே ஜம்பர் கேபிளோடு வந்து நின்றார். நான் விடவில்லை. இத்தனை நாள் நின்ற எஞ்சினில் சிலிண்டர் சுவரில் ஒயில் இருக்காது. பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் லேசாகத் துருப்பிடித்திருந்தால், ஸ்டார்ட்டர் மோட்டர் முரட்டுத்தனமாகச் சுற்றும்போது சுவர் கீறிப்போகும். பொறி தரும் ஸ்பார்க் பிளக் நாலையும் கழற்றி, துளைக்கு ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஒயில் விட்டு, ஒரு இரவு ஊற வைத்தேன். மறுநாள் எஞ்சினைச் சுற்ற வைக்கும் கிராங்க் தண்டின் முன் போல்ட்டில் 21 மி.மீ. சொக்கற்றைப் போட்டுக் கையாலேயே திருப்பினேன். முதலில் இறுக்கம், பிறகு வழுவழுவென்று வந்தது. அந்த ஒரு சுற்றிலேயே எனக்குப் பாதிப் பயம் போய்விட்டது.

இந்தக் காருக்குப் பற்றரி டிக்கிக்குள் வலது மூலையில் இருக்கும். 4 வோல்ட்கூட இல்லை. புதிது போட்டு 12.6 வோல்ட் வந்ததும் சாவியைத் திருப்பினேன். நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் பற்றவில்லை.

இந்த இடத்தில்தான் நிறையப் பேர் ஒவ்வொரு பாகமாக வாங்கி மாற்றத் தொடங்குகிறார்கள். தயவுசெய்து அதற்கு முன் ஒரு பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். நனைந்திருந்தால் பெற்றோல் வருகிறது, பொறியைத் தேட வேண்டும். என் பிளக் காய்ந்து கிடந்தது, பெற்றோல் மணமே இல்லை. உறுதிப்படுத்த, காற்று போகும் குழாயில், பெற்றோல் இல்லாமலே பற்றும் ஸ்டார்ட்டிங் ஸ்பிரே கொஞ்சம் அடித்தேன். இரண்டு விநாடி இருமிவிட்டு நின்றது. அப்படியென்றால் பொறி இருக்கிறது, பெற்றோல்தான் இல்லை.

சாவியை ஓனில் வைத்தால் பெற்றோல் பம்ப் கொஞ்ச நேரம் முனக வேண்டும் என்று எல்லாரும் சொல்வார்கள். இதில் ஒரு சத்தமும் இல்லை. பம்ப் செத்துவிட்டது என்று அத்தான் தீர்ப்பே சொல்லிவிட்டார். ஆனால் 1.6 மியாட்டாவில் அந்த மௌனம் இயல்பானது. காற்றை அளக்கும் மீற்றருக்குள் ஒரு சின்னக் கதவு இருக்கிறது. ஸ்டார்ட்டர் சுற்றும்போது, அல்லது எஞ்சின் இழுக்கும் காற்றில் அந்தக் கதவு திறக்கும்போது மட்டும்தான் பம்ப் ஓடும். எயார் ஃபில்ரர் பெட்டியைத் திறந்து, சாவியை ஓனில் விட்டு, கதவை ஒற்றை விரலால் மெதுவாகத் தள்ளினேன். சீற்றுக்குப் பின்னாலிருந்து "ர்ர்ர்" என்று சத்தம் கேட்டது. விரலை எடுத்தேன், நின்றது. மறுபடி தள்ளினேன், ஓடியது. புதுப் பம்புக்குக் கொடுக்க இருந்த காசு மிச்சம்.

பம்ப் ஓடுகிறது, பெற்றோல் வரவில்லை. பொனற்றுக்குக் கீழே உள்ள சோதனைப் பெட்டியில் எஃப்பி, ஜிஎன்டி என்ற இரண்டு முனைகளையும் ஒரு வயரால் இணைத்தால் பம்ப் விடாமல் ஓடும். எஞ்சின் பக்கக் குழாயைக் கழற்றிப் போத்தலுக்குள் விட்டுப் பார்த்தேன். கடும் தேநீர் நிறத்தில் துளித்துளியாக வந்தது. பெற்றோல் மணம் இல்லை, பழைய பெயின்ற் டப்பா மணம். லேசான பகுதி ஆவியாகிப் போய், மிச்சம் பிசினாகிவிட்டது.

சீற்றுக்குப் பின்னால் கார்பெற்றைத் தூக்கினால் ஒரு தகட்டு மூடி. அதன் வழியாகப் பம்பை வெளியே எடுத்தேன். அடியில் உள்ள வலை, தேன் ஊறிய துணி மாதிரிப் பிசுபிசுத்தது. பெற்றோல் ராங்கை முழுக்க வடித்து, வலையும் ஃபில்ரரும் புதிது போட்டு, எஞ்சினுக்குள் பெற்றோல் பீச்சும் இன்ஜெக்டர் நாலையும் சுத்தம் செய்யக் கொடுத்தேன். இரண்டு இறுகியிருந்தனவாம். எல்லாம் பூட்டியபின் மூன்றாவது முயற்சியில் பற்றியது. ஒயில் மேலே போய்ச் சேரும்வரை வால்வுப் பக்கம் "டிக் டிக்" என்று அடித்துக்கொண்டே இருந்தது. நிற்கும் வரை நான் மூச்சுவிடவில்லை.

*

மேலே மியாட்டா அண்ணன் எழுதியதைப் படித்துவிட்டு என் அனுபவத்தையும் எழுதுகிறேன். நான் கோயமுத்தூரில் பட்டறை வைத்திருக்கிறேன். போன வருடம் ஒரு சான் ஸ்டார்ம் வந்தது. கோவாவில் செய்த இரண்டு சீட் வண்டி, ரெனோ எஞ்சின், ஃபைபர் உடம்பு. ஓட்டிய பெரியவர் காலமானபின் கொட்டகையில் எட்டு வருடம் நின்றிருக்கிறது. மகன் புது பேட்டரி போட்டும் சாவி திருப்பினால் ஒரு "டக்", அவ்வளவுதான். ஸ்டார்ட்டர் மோட்டார் போய்விட்டது என்று ஒரு இடத்தில் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

ஃபைபர் உடம்பில் கரண்ட் பாயாது. எர்த், அதாவது கரண்ட் பேட்டரிக்குத் திரும்பும் வழி, எல்லாம் வயர் வழியாக அடியிலுள்ள இரும்புச் சேசிஸுக்குத்தான் வர வேண்டும். அதனால் மோட்டாரைத் தொடவே இல்லை. மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மற்றதை எஞ்சின் மேலும் வைத்துக்கொண்டு, "சாவியைத் திருப்புங்க தம்பி" என்றேன். 0.2 வோல்ட்டுக்குள் காட்ட வேண்டியது 4 வோல்ட்டைத் தாண்டியது. எர்த் கேபிளின் தலையில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கேபிளை மாற்றினோம். சர்ரென்று சுற்றியது. பெட்ரோல் வேலை தனியாக ஒரு நாள் ஆனது, அது மேலே அண்ணன் சொன்ன அதே கதைதான்.

*

என் கதையும் ஒன்று இருக்கிறது. நான் லண்டனில் 2006 போர்ஷே பாக்ஸ்டர் கார் வைத்திருக்கிறேன். பிரசவத்துக்கு ஊருக்குப் போய், ஒன்பது மாதம் கழித்து வந்தால் பேட்டரி அடியோடு காலி. பேட்டரி இருப்பது முன் பானெட்டுக்குள். பானெட்டைத் திறப்பதோ மின்சாரத்தில். ஒரு மணி நேரம் கண்ணில் நீர் முட்ட நின்றேன்.

வழி இருக்கிறது. கால் வைக்கும் இடத்தில் உள்ள ஃபியூஸ் பெட்டியில் சிவப்பாக ஒரு முனையை வெளியே இழுக்கலாம். அதில் வேறொரு பேட்டரியின் பாசிட்டிவ், கதவு பூட்டும் இரும்புக் கொக்கியில் நெகட்டிவ். அலாரம் அலறும், பயப்படாதீர்கள். ரிமோட்டில் அணைத்துவிட்டு பானெட் பட்டனை அழுத்தினால் திறந்துவிடும். அந்த முனை பானெட்டைத் திறக்க மட்டும்தான். அதிலேயே எஞ்சினை ஸ்டார்ட் செய்யப் பார்க்காதீர்கள், வயர் தாங்காது.

மியாட்டா அண்ணா, வடித்த பழைய பெட்ரோலை என்ன செய்தீர்கள்?

*

தங்கச்சி, இரண்டு கானில் அடைத்து நகராட்சியின் அபாயக் கழிவு எடுக்கும் இடத்தில் கொடுத்தேன். வேறு காரில் கலக்கவும் வேண்டாம், நிலத்தில் ஊற்றவும் வேண்டாம். இந்த ஒக்டோபரில் ராங்கை நிரப்பி, பெற்றோல் கெடாமல் காக்கும் ஸ்டபிலைசர் விட்டு, அது இன்ஜெக்டர் வரை போகும்படி பத்து நிமிடம் ஓடவிட்டுத்தான் நிறுத்தப்போகிறேன். பற்றரிக்கு மெதுவாகச் சார்ஜ் ஏற்றும் பெட்டியும் வாங்கியாயிற்று. முன்விளக்கு எழும்புவதை மூன்று தரம் காட்டினால்தான் மகள் காரை விட்டு இறங்குகிறாள்.